ரசனை மேல் பழி போடாதீர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'செய்தியின் தரத்தைப் பெரிதும் கெடுப்பது மக்களின் ரசனையா, முதலாளிகளின் லாப ஆசையா?' இதுதான் தலைப்பு. லாப ஆசையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். "நீங்கள் பார்க்கிறீர்கள், அவர்கள் காட்டுகிறார்கள். மணப்பாறை நேரலையை யார் வீட்டில் அணைத்தீர்கள்?" என்றார். சரி, அங்கிருந்தே வருகிறேன்.

2019 அக்டோபர் 25 மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். 29-ஆம் தேதி அதிகாலையில் உடலைத்தான் எடுக்க முடிந்தது. நடுவில் அத்தனை நாளும் நேரலை. நாம் அணைக்கவில்லை, உண்மை. பிள்ளை பிழைத்து வந்துவிட மாட்டானா என்று பார்த்தோம். அதற்குப் பெயர் ரசனையா? தூத்துக்குடியில் ஒரு வீட்டில் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் குழந்தையே தண்ணீரில் மூழ்கி இறந்துபோனது. அந்தப் பெற்றோரிடம் போய் "உங்கள் ரசனை சரியில்லை" என்று சொல்ல இங்கே யாருக்காவது மனம் வருமா?

கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே நெறிமுறை வகுத்துவிட்டது. எந்தெந்த ஊரில் மூடாமல் கிடக்கிறது என்று பார்த்துவர எத்தனை சேனல் ஆள் அனுப்பியது? அனுப்பினால் வண்டி வேண்டும், தங்க இடம் வேண்டும், வாரக்கணக்கில் சம்பளம் தர வேண்டும். கடைசியில் ஐந்து நிமிடச் செய்திதான் கிடைக்கும். குழி பக்கத்தில் ஒரு நேரலை வேனை நிறுத்தினால் நாள் முழுக்க ஓட்டலாம். ராத்திரிக்கு ஸ்டுடியோவில் நாலு பேரை உட்காரவைத்துக் கத்தவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது. கூச்சல் மலிவு, விசாரித்துச் சொல்வது செலவு. இந்தக் கணக்கைப் போட்டது எந்த நேயர்?

தாலுகா நிருபர்கள் பலருக்கு ஒழுங்கான சம்பளமே கிடையாது. செய்தியோடு விளம்பரமும் பிடித்து வர வேண்டும். காலையில் தீபாவளி விளம்பரம் கேட்டு நின்ற கடையைப் பற்றி மாலையில் என்ன எழுதுவார்? (அங்கே மூன்றாவது வரிசையில் சிரிப்பவர்கள் நிருபர்கள் போலிருக்கிறது.)

அப்புறம், காசு வாங்கிக்கொண்டு வேட்பாளரின் புகழைச் செய்தி மாதிரியே அச்சிடுகிறார்களே, அதை எந்த வாசகர் விரும்பிக் கேட்டார்? உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், அப்படிப் போட்ட செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011-இல் தேர்தல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்தது. அவருக்குப் பதவி போயிற்று. பத்திரிகைகள் மறுநாளும் வழக்கம்போல வந்தன. 2009 தேர்தலில் நடந்த இந்த வியாபாரத்தைப் பற்றி, பத்திரிகைகளின் நடத்தையைக் கவனிக்கும் அமைப்பான பிரஸ் கவுன்சிலின் துணைக்குழு 71 பக்க அறிக்கை எழுதியது. கவுன்சில் 2010-இல் முதலில் வெளியிட்டது அதன் சுருக்கத்தை மட்டும்தான். பத்திரிகைகளின் பெயர்கள் அதில் இல்லை! ஊரார் ஊழலைப் பெயர் போட்டு எழுதுகிற துறைக்குத் தன் பெயர் என்றதும் கூச்சம் வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. 2008 மும்பைத் தாக்குதலைப் படைவீரர்களின் நகர்வு உட்பட நேரலையாகக் காட்டினார்கள். எல்லைக்கு அப்பால் இருந்து தாக்குதலை இயக்கியவர்களும் அதைப் பார்த்தார்கள். 2012-இல் கசாப் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை விடவில்லை. அந்தச் சேனல்கள் நாட்டு நலனுக்கோ சமூக நோக்கத்துக்கோ உழைக்கவில்லை, தங்கள் வணிக நலனுக்காகவே அப்படிச் செய்தன என்று எழுதியது. நடுவர் அவர்களே, உங்கள் வேலையில் பாதியை அந்த நீதிபதிகளே முடித்துவைத்திருக்கிறார்கள். மீதிப் பாதியை நீங்கள் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.