அந்தப் பத்து அடிகள் போதும், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் டிரம்மரும் பாடகருமான பில் காலின்ஸின் பெயர் நிலைத்து நிற்பது ஜெனிசிஸ் என்ற ராக் குழுவில் அவர் வாசித்த ராக் இசையாலா, தனியாக வந்து பாடிய பாப் பாடல்களாலா? இதுதான் இன்றைய வழக்கு. நான் தனிப்பாடல்கள் பக்கம். சீட்டு குலுக்கி விழுந்த பக்கம் இல்லை, கேட்டு வாங்கிய பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் நன்றாகவே பேசினார். 1970-ல் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் ஜெனிசிஸின் டிரம்மர் தேர்வுக்குப் போன பையன், குழுவின் அப்போதைய பாடகர் பீட்டர் கேப்ரியலின் பெற்றோர் வீட்டுக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்து, காத்திருக்கும் நேரத்தில் நீச்சல் குளத்தில் கிடந்தபடி, தனக்கு முன்னால் போனவர்கள் வாசித்ததைக் காதில் வாங்கியே மனப்பாடம் செய்த கதையைச் சொன்னார். 1975-ல் கேப்ரியல் விலகியதும் ஊரெல்லாம் பாடகர் தேடி, கடைசியில் டிரம்ஸ் வாசித்தவரே பாடகரானதையும் சொன்னார். எல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் முடிக்கும்போது, தனியாகப் போனதும் கலைஞர் வியாபாரி ஆகிவிட்டார் என்றாரே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

அந்தத் தனி ஆல்பம் எப்படிப் பிறந்தது? 1979-ல் அவருடைய திருமணம் முறிகிறது. மனைவி குழந்தைகளோடு கனடாவுக்குப் போய்விடுகிறார். குழுவில் மற்ற இருவரும் தங்கள் சொந்த ஆல்பங்களில் இறங்கிவிட, இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் இருந்த வீட்டில் இவர் தானே தாளம் போடும் ஒரு டிரம் மெஷினையும், மின்னணு இசைக்கருவியான ஒரு சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு, மனதில் இருந்ததையெல்லாம் டேப்பில் இறக்கிக்கொண்டிருந்தார். அப்படி வந்ததுதான் 1981-ன் 'ஃபேஸ் வேல்யூ'. அதன் முதல் பாட்டு 'இன் தி ஏர் டுநைட்'. அதன் வரிகளில் பெரும்பகுதி மைக் முன்னால் பாடப் பாட வாயில் வந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் டேப்பில் பதிந்ததையே அடிப்படையாக வைத்து, அதன் மேல்தான் மற்றதைச் சேர்த்தார்கள். சந்தைக்குச் சரக்கு செய்கிறவர் இப்படியா செய்வார்?

அந்தப் பாட்டைக் கொஞ்சம் பக்கத்தில் போய்க் கேளுங்கள். ஐந்தரை நிமிடப் பாட்டு. இரவில் குழாய் சொட்டுவதைப் போல டிரம் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது, குரல் அடங்கி வருகிறது, கோபம் இருக்கிறது ஆனால் வெடிக்கவில்லை. உலகத்தின் தேர்ந்த டிரம்மர்களில் ஒருவர் ஏறத்தாழ மூன்று நிமிடம் நாற்பது நொடி கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத் தலைவர் அஹ்மத் எர்டெகன் இதைக் கேட்டுவிட்டு, டிரம்ஸ் எங்கே என்று கேட்டதால் தனிப்பாட்டாக வெளியிட்ட சிங்கிளுக்கு மட்டும் முன்பகுதியில் கூடுதல் டிரம்ஸ் சேர்த்தார்கள். ஆல்பத்தில் அந்தக் காத்திருப்பு அப்படியே இருக்கிறது. அப்புறம் விழுகின்றன அந்தப் பத்து அடிகள். இரண்டிரண்டாக இறங்கி வந்து நிற்கும்போது நெஞ்சில் கதவு உடைவது போல இருக்கும். எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை, இன்றைக்கும் அந்த இடம் வரும்போது கையில் இருக்கும் வேலை நின்றுவிடுகிறது.

அந்த ஓசை கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்தபோது பிறந்ததுதானே என்று எதிரணி எழுந்திருக்கும், எனக்குத் தெரியும். ஆமாம். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில், உள்ளே இருப்பவர் பேசுவதைக் கேட்பதற்காக மேலே தொங்கவிட்ட மைக் வழியாக டிரம்ஸ் ஒலி தற்செயலாக வந்து விழ, ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்கம் அதைப் பிடித்துக்கொண்டார். அடி விழுந்ததும் பெரிய மண்டபத்தில் அடித்தாற்போல ஓசை விரியும், இழுத்துக்கொண்டு போகாமல் கத்தரியால் வெட்டியது போல நிற்கும். பிறந்த இடம் அதுதான். ஆனால் 80-களின் பாப் இசை முழுக்க அந்த ஓசையின் பின்னால் ஓடியதே, அதற்குக் காரணம் இந்தத் தனிப்பாடல்.

இன்னொன்று. அவருடைய 'சுசூடியோ' பாட்டில் வரும் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை என்று கேலி செய்தார்கள். நம் ஊரில் மெட்டுக்கு முதலில் தத்தகாரம் போட்டுவிட்டுப் பிறகு அதில் சொல் வைப்பார்கள் இல்லையா, அவர் டிரம் மெஷினோடு பாடிப் பார்க்கும்போது வந்து விழுந்த தத்தகாரம்தான் இது. வேறு சொல் தேடினார், எதுவும் தாளத்தில் உட்காரவில்லை, அதையே விட்டுவிட்டார். சொல்லையும் தாளமாகவே கேட்கிற காது டிரம்மருடையது. வாசிப்பவரை விட்டுவிட்டுப் பாடகர் மட்டும் தனியாக வந்துவிட்டார் என்று யார் சொன்னது?

எண்ணிக்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் தனியாக ஏழு பாடல்கள் முதலிடம், அதில் ஒன்று பாடகி மர்லின் மார்ட்டினோடு சேர்ந்து பாடியது. ஜெனிசிஸுக்கு ஒன்றே ஒன்று, 1986-ல் 'இன்விசிபிள் டச்', அதுவும் பச்சையான பாப் பாட்டு. பாப் குற்றம் என்றால் அந்தக் குற்றத்தில் குழுவுக்கும் பங்கு உண்டு.

'அனதர் டே இன் பாரடைஸ்' 1989-ல் வந்தபோது, வசதியானவர் தெருவில் படுத்திருப்பவர்களைப் பற்றிப் பாடலாமா என்று கேட்டார்கள். பாடாமல் தாண்டிப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கச்சேரி முடிவில் வீடற்றவர்களுக்காக ரசிகர்களிடம் பணம் கேட்டார், சேர்ந்த தொகைக்குச் சமமாகத் தானும் போட்டுக் கொடுத்தார். நான் அந்த மனிதர் பக்கம்.

கடைசியாக ஒன்று. முதுகெலும்புப் பாதிப்பால் அவரால் டிரம்ஸ் வாசிக்க முடியாமல் போயிற்று. 2017-ல் ஊன்றுகோலோடு மேடைக்குத் திரும்பி, பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பின்னால் டிரம்ஸில் அவருடைய மகன் நிக்கோலஸ், வயது 16. அப்பாவின் கை செய்ய முடியாத அந்தப் பத்து அடிகளை மகன் வாசித்தான், அரங்கம் எழுந்தது. அவன் வாசித்தது ஜெனிசிஸ் பாட்டு இல்லை, நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் பக்கம் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.