வரைபடத்தில் வெள்ளையாக விட்ட இடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வனத்துறை அதிகாரிகளே, இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று காட்டும் வரைபடங்களை எவ்வளவு நம்பலாம்? ஆள் போகாத இடம், பழைய பதிவு என்று இரண்டு செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பார்கள். பறவை பார்க்கிறவர்கள் சாலையோரம், ஏரிக்கரை, சரணாலயம் என்றுதான் போகிறோம். வரைபடத்தில் புள்ளிகளும் அங்கேதான் குவிகின்றன. புள்ளி விழாத இடத்தில் பறவையே இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆந்திரத்து ஜெர்டன் கல்குருவியின் கதையைக் கேளுங்கள். 1900இல் அதைப் பார்த்ததாக ஒரு பதிவு. அதோடு சரி. எண்பது வருடங்களுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போய்விட்டது என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் மட்டும் விடவில்லை. கடப்பைப் பக்கம் போய் உள்ளூர் மக்களிடம் விசாரித்தார்கள். 1986 ஜனவரியில் வேட்டைக்காரர் ஒருவர் ராத்திரியில் டார்ச் அடித்து ஒரு பறவையை உயிரோடு பிடித்துக்கொண்டு வந்தார். அதேதான்! இத்தனை காலம் அது எங்கேயும் போய்விடவில்லை ஐயா. முட்புதருக்குள் ராத்திரியில் நடமாடும் பறவையைப் பகலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? அப்புறம் மண்ணைச் சமப்படுத்திக் காலடித்தடம் பார்த்தார்கள், தானியங்கிக் கேமரா வைத்தார்கள், குரலைப் பதிவு செய்தார்கள். தீர விசாரிப்பதே மெய்!

2005இல் அந்தப் புதர்க்காட்டுக்குள் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கின. நம் சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தரும் அதே தெலுங்கு கங்கைத் திட்டம்தான். பறவை அங்கே இருப்பது தெரிந்திருந்ததால் வழக்காடிக் கால்வாயின் பாதையை மாற்ற முடிந்தது. தெரியாமல் இருந்திருந்தால்?

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். ஆடு மேய்கிற முட்காட்டை எல்லாம் காகிதத்தில் ‘தரிசு’ என்று எழுதி வைத்திருக்கிறோம். பதிவு எதுவும் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி, அங்கே ஆலை கட்டலாம், மரக்கன்று நடலாம் என்கிறார்கள். முட்காட்டில் நெருக்கமாக மரம் நட்டால் வெட்டவெளியில் ஓடித் திரியும் பறவைக்கு அங்கே இடமேது? பசுமை என்ற பேரில் இது நடப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன், எத்தனை நாள், எந்தப் பருவத்தில், பகலிலா இரவிலா தேடினோம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். தேடாத இடத்தை ‘தேடவில்லை’ என்றே குறிக்க வேண்டும். கணக்கெடுப்புக் குழுவில் ஆடு மேய்ப்பவர் ஒருவராவது, கூலியோடு, இருக்க வேண்டும். தீர விசாரிக்க அவரை விட்டால் வேறு யார்? மாவட்ட ஆட்சியருக்கான மனு வாசலில் இருக்கிறது. நகர்மன்றத் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்துப் போட வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.