தீவுகளைப் பிடித்த தோட்டத்து எலி: 25 ஆண்டுகளில் நடந்தது என்ன?

(திரையில்: எலி கடித்த செம்பனைக் குலை)

வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் வட்டாரத்தில் செம்பனைப் பழம் வெட்டுகிறவர்களுக்கு இந்தப் பல் தடத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இதே எலி இனம் தாய்லாந்தில் தீவு தீவாகக் காட்டு விலங்குகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, கடவுச்சீட்டும் கேட்கவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1986-87இல் அணை நீர் நிரம்பியபோது, தாய்லாந்தின் சியாவ் லார்ன் நீர்த்தேக்கத்தில் மலையுச்சிகள் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளாக மிஞ்சின.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. அத்தீவுகளில் கூண்டு வைத்துச் சிறு பாலூட்டிகளைக் கணக்கெடுத்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து மீண்டும் அங்கே கூண்டு வைத்தார்கள். 10 ஹெக்டேருக்குக் குறைந்த தீவுகளில் சுமார் 5 ஆண்டுகளிலேயே அம்மண்ணுக்குரிய சிறு பாலூட்டிகள் அநேகமாக அற்றுப்போயிருந்தன. 56 ஹெக்டேர் வரையிலான தீவுகளுக்கும் 25 ஆண்டுகளில் அதே கதிதான். 56 ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட 138 ஏக்கர். அதைச் சின்னத் துண்டு என்று யாரும் சொல்லமாட்டோம். மரமூஞ்சூறும் காட்டெலிகளும் அகப்பட்டிருக்க வேண்டிய கூண்டுகளில் பெரும்பாலும் மலாயா வயல் எலியே உட்கார்ந்திருந்தது. தோட்டத்தில் நாம் பெட்டி கட்டிக் கூகை வளர்ப்பதே இந்த எலியைப் பிடிக்கத்தான்! லூக் கிப்சன் குழுவினர் இதை 2013இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள்.

பழியை எலியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. துண்டுக் காட்டில் ஓர் இனத்தில் சில உயிர்களே மிஞ்சுவதால், ஒரு நோயோ ஒரு வறட்சியோ வந்தால் ஈடுகட்ட வெளியிலிருந்து உறவு வந்து சேர வழியில்லை. ஓரங்களில் வெயிலும் காற்றும் புகுந்து காட்டின் குணமே மாறும்போது, புதர்க்காட்டில் பழகிய எலிக்கு அது வசதியாகிவிடுகிறது.

அந்தத் தீவுகளைச் சூழ்ந்திருப்பது தண்ணீர், நம் துண்டுக் காடுகளைச் சூழ்ந்திருப்பது செம்பனைத் தோட்டம்; செம்பனை தண்ணீர் அல்லவே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காட்டுப்பன்றியும், எலி வேட்டைக்கு வரும் சிறுத்தைப்பூனையும் தோட்டத்துக்குள் தாராளமாக நடமாடும். கிளைவிட்டுக் கிளை தாவியே வாழும் கிப்பன் குரங்குக்கோ செம்பனை வரிசை ஏரிக்குச் சமம். காஹாங் பக்கம் சாலையில் யானை நின்றால் காணொளி எடுத்துப் பகிர்கிறோம். அது நடக்கும் காட்டைத் தோட்டமும் சாலையும் துண்டாடியிருப்பதைப் பேசுவதில்லை. எத்தனை ஏக்கர் காடு மிஞ்சியது என்ற கணக்கைவிட, அந்த ஏக்கர்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

உங்கள் தோட்டத்து ஆற்றோரக் காடு பெரிய காட்டுவரை தொடர்கிறதா, எந்த இடத்தில் அறுபடுகிறது என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். படமும் அனுப்பலாம்; எலிப் படம் மட்டும் வேண்டாம், போதுமான அளவு வந்துவிட்டது.