அளவுக்கு டெக்சாஸ், ஆளுக்கு மொன்டானா: சஸ்காட்செவான் மாகாணம்

[திரையில்: வட அமெரிக்க வரைபடம்]

கனடாவின் பத்து மாகாணங்களில் ஆறோ மலையோ கடலோ எல்லையாக அமையாதது சஸ்காட்செவான் ஒன்றுதான். அமெரிக்காவின் கொலராடோ, வயோமிங் மாநிலங்களைப் போல இதற்கும் நாற்புறமும் நில அளவையாளர்கள் போட்ட கோடுகளே எல்லை. (கிழக்கு எல்லையை உற்றுப் பார்த்தால், பூமியின் வளைவை ஈடுகட்ட அவர்கள் வைத்த சிறு படிகள் தெரியும்.) பரப்பளவு சுமார் 6,51,000 சதுர கிலோமீட்டர், டெக்சாஸைவிடச் சற்றே குறைவு. ஆனால் டெக்சாஸில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் வாழ, இங்கே 2021 கணக்கெடுப்பின்படி 11.3 லட்சம் பேரே இருந்தனர். தெற்கே ஒட்டியிருக்கும் அமெரிக்க மாநிலமான மொன்டானாவின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகையும் 10.8 லட்சம்தான்.

[திரையில்: 49ஆம் அட்சக்கோட்டின் இருபுறமும் கோதுமை வயல்கள்]

மாகாணத்தின் பெரும்பகுதியில் கோடைக்காகக் கடிகாரத்தை முன்னே நகர்த்தும் வழக்கம் இல்லை. அதனால் தலைநகர் ரெஜைனாவின் நேரம் குளிர்காலத்தில் வடக்கு டகோட்டாவின் பெரும்பகுதியோடும், கோடையில் மொன்டானாவோடும் ஒத்துப்போகிறது. ரெஜைனா அசைவதில்லை, அண்டை வீட்டார்தான் நகர்கிறார்கள்.

[திரையில்: சுரங்கத்தில் இளஞ்சிவப்புப் பாறை]

ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கிடைக்கும், உரமாகப் பயன்படும் இந்த உப்புதான் பொட்டாஷ். உலக உற்பத்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்தே வருகிறது. இந்தியா இறக்குமதி செய்யும் பொட்டாஷிலும் மைசூர்ப் பருப்பிலும் இம்மாகாணத்துச் சரக்கு உண்டு. 1905இல் மாகாணம் உருவானபோது ஒட்டாவா (கனடாவின் மத்திய அரசு) தன் கையிலேயே வைத்துக்கொண்ட நிலமும் கனிமமும் 1930இல்தான் மாகாணத்தின் வசம் வந்தன. மொன்டானாவிலோ கால் பங்குக்கும் மேற்பட்ட நிலம் இன்றும் வாஷிங்டனுக்குச் சொந்தம். அதற்காக எல்லாவற்றிலும் மாகாணத்துக்கே அதிகாரம் கூடுதல் என்று எண்ணிவிடக் கூடாது: மொன்டானா தனக்கெனக் குற்றவியல் சட்டம் இயற்றலாம், சஸ்காட்செவான் இயற்ற முடியாது.

[திரையில்: 1962, ரெஜைனா சட்டமன்றம்]

எனினும் மருத்துவம் மாகாணத்தின் பொறுப்பு. மாகாண முதல்வராக இருந்த டாமி டக்ளஸ் வகுத்த பொது மருத்துவக் காப்பீடு 1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதை எதிர்த்து மருத்துவர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு திட்டத்தைக் கைவிடவில்லை. 1958 முதல் மருத்துவமனைச் செலவில் ஏறத்தாழப் பாதியை ஒட்டாவா ஏற்றுக்கொண்டதால் மிஞ்சிய பணமே இத்துணிவுக்கு ஆதாரம் என்பதை மறக்கலாகாது. 1966இல் கனடா நாடாளுமன்றம் இதே வழியில் நாடு முழுவதற்கும் சட்டம் இயற்றியது.

அமெரிக்காவில் இதை முயன்ற மாநிலம், சஸ்காட்செவானைவிடவும் சிறிய வெர்மான்ட். 2011இல் சட்டம் நிறைவேற்றிய அம்மாநிலம், முதலாளிகள் தரும் ஊதியத்தின் மீது 11.5 சதவீத வரி விதிக்க வேண்டிவரும் என்று தெரிந்ததும் 2014 டிசம்பரில் அத்திட்டத்தைக் கைவிட்டது.