சிக்கு வாடை கடைக்காரிக்குத் தெரியாது

(சேலத்தில் சிறு வியாபாரிகள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கமுங்க. எனக்கு முன்னால் பேசிய தம்பி லோகோ, பிராண்டு, ரீல்ஸ் என்று நிறையச் சொன்னார், எல்லாம் வேண்டியதுதான். நான் அஸ்தம்பட்டியில் தட்டுவடை செட் போடுகிறவள், ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தருவேனே, அதுதான். பத்துக்குப் பன்னிரண்டு கடை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாலு சுவருக்குள் நடந்ததுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், என் மாமியார் காலத்திலிருந்து எங்களிடம் வாங்குகிற பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், கால் கிலோ தட்டுவடைப் பொட்டலத்தைத் திரும்பக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். சண்டை ஒன்றும் போடவில்லை. "மோந்து பாரு கண்ணு" என்றார். பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் வந்த என் மகளிடம் நீட்டினேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு "சிக்கு வாடை அடிக்குதும்மா" என்கிறாள்! எண்ணெய் கெட்டுப்போன வாடை. விடிந்ததிலிருந்து எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிற மூக்கு, அதற்கு அந்த வாடை பழகிப்போய்விட்டது. அந்த அம்மா திரும்பக் கொண்டுவந்தார், சரி. கொண்டுவராமல் அடுத்த கடைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ, அந்தக் கணக்கு என்னிடம் இல்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் கடை மேற்குப் பார்த்த கடை. போகிறவர் வருகிறவர் கண்ணில் படட்டும் என்று பெரிய பெரிய கண்ணாடி ஜாடிகளை நிரப்பி முன்வரிசையில் வைத்திருந்தேன். பொரித்த பண்டத்தில் ஊறியிருக்கும் எண்ணெய்க்கு வெளிச்சம், காற்று, சூடு மூன்றுமே ஆகாது, சீக்கிரம் சிக்கடித்துவிடும். மூணு மணி வெயில் நேராக அந்த ஜாடியில்தான் விழும். ஆளை இழுக்க வைத்த ஜாடிதான் ஆளை விரட்டியிருக்கிறது. இதில் நான் செய்த கூத்து வேறு, ஜாடி பாதி குறைந்ததும் புதுச் சரக்கை மேலே கொட்டிவிடுவேன், அடியில் கிடப்பது வாரக்கணக்கில் அடியிலேயே கிடக்கும். இப்போது சின்ன ஜாடிகள்தான், அன்றாடம் விற்கிற அளவுக்கு மட்டும். மீதி உள்ளே இருட்டில், மூடி இறுக்கிய தகர டின்னில். ஜாடி காலியாகி, கழுவி, துடைத்து, ஈரம் போன பிறகுதான் அடுத்த சரக்கு.

எண்ணெய்க்கும் அப்படித்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சினால் எண்ணெய் சிதைந்து அதில் போலார் பொருள்கள் என்கிற கெட்ட பொருள்கள் சேரும், அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதியே இருக்கிறது. அதிகாரி கருவியோடு வருவதற்கு முன்னால் வாடிக்கையாளர் நாக்கோடு வந்துவிடுவார், அது வேறு விஷயம்.

அப்புறம் விளக்கு. என் தங்கை மகன் கடையைப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று வெள்ளை எல்இடி போட்டுக் கொடுத்தான். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைக்கு அந்த வெளிச்சம் பொருத்தம், வெள்ளி அதில்தான் மின்னும். என் தட்டுவடையோ காய்ச்சலில் எழுந்த பிள்ளை மாதிரி வெளுத்துக் கிடந்தது. பல்பை மஞ்சளுக்கு மாற்றினேன், பீட்ரூட்டுக்கும் வடைக்கும் நிறம் திரும்பி வந்தது.

புதுசு பண்ணுகிறேன் என்று கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. மயோனைஸ் செட், சீஸ் செட், சாக்லேட் செட் (சிரிக்காதீங்க) என்று முப்பத்து நாலு வகை போர்டில் எழுதினேன். வந்தவர்கள் போர்டைப் படிக்கவே அஞ்சு நிமிஷம், பின்னால் வரிசை நிற்கிறது, சீஸ் டப்பா திறந்து மூணாம் நாள் குப்பைக்குப் போகிறது. அந்தச் செலவை ஈடுகட்ட பச்சைச் சட்னியில் கொத்தமல்லியைக் குறைத்தேன் பாருங்கள், அதுதான் பெரிய தப்பு. தட்டுவடை, வெங்காயம், கேரட், பீட்ரூட், ரெண்டு சட்னி, இதற்காகத்தான் என் கடைக்கு வருகிறார்கள். அதில் கை வைக்கவே கூடாது. புதுமை வேண்டுமென்றால் ஓரத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் பருவத்தோடு. மாங்காய்க் காலம் வந்தால் செட்டில் துருவிய மாங்காய் ஒரு சிட்டிகை, காலம் முடிந்தால் நிறுத்திவிடுவேன். "மாங்காய் எப்ப போடுவீங்க" என்று பங்குனியிலேயே கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு ஏறுகிற வண்டிகள் எங்கள் வழியாகப் போகும். மலையில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஆறாவது ஏழாவதிலேயே பாதிப் பிள்ளைகளுக்கு வயிறு புரட்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் இஞ்சி மொரப்பா ஜாடி வைத்து, "மலை ஏறுறீங்களா?" என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டினேன். அவ்வளவுதான் நான் செய்த விளம்பரம். இறங்கி வரும்போது அதே வண்டி நின்று செட் சாப்பிட்டுவிட்டுப் போகிறது.

ஒன்று மட்டும் செய்து பாருங்கள். நாளைக்குக் கடை திறந்துவிட்டு, ரோட்டைத் தாண்டி எதிர் சாரியில் நின்று உங்கள் கடையைப் பாருங்கள், முடிந்தால் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. போன மாதம் நான் நின்றேன். பொங்கல் வாழ்த்து பேனர், மூணு வருஷத்துக்கு முந்தியது, வெயிலில் கரும்பெல்லாம் நீலமாகி, என் தலைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அதற்கடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மணி ஏழே முக்கால் ஆகிறது. சினிமா விட்டு வருகிற கூட்டம் இப்போது கடையில் நிற்கும், மகள் ஒருத்தியாகச் சமாளித்துக்கொண்டிருப்பாள். நான் கிளம்புகிறேனுங்க.