உலகக் கலைக் கல்வியை யார் நடத்துகிறார்கள்? காவிரிக் கரையிலிருந்து ஒரு பார்வை

[திரை: பள்ளி நோட்டில் ஒரு படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை]

வணக்கம். இந்தப் படத்தை நீங்களும் ஒரு காலத்தில் வரைந்திருப்பீர்கள். பாபநாசத்திலோ திருவாரூரிலோ பிறந்த பிள்ளையும் இதையேதான் வரைகிறது. சரி, டெல்டாவில் மலை எங்கே இருக்கிறது? கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். பெயரிலேயே மலை வைத்திருக்கும் சுவாமிமலையில்கூட இருப்பது கட்டுமலை. அறுபது படி ஏறினால் முருகன் சன்னிதி.

[திரை: சுவாமிமலைப் பட்டறை. நெருப்பு, உருக்கிய உலோகம்]

2023-இல் டெல்லி ஜி20 மாநாடு நடந்த பாரத மண்டபத்தின் முன்னால் நிற்கிறாரே நடராஜர், அவர் இந்த ஊரில் வார்க்கப்பட்டவர். 27 அடி உயரம், சுமார் 18 டன் எடை. இப்படியொரு வேலை நடக்கும் ஊரைச் சுற்றியுள்ள பள்ளிகளிலும் ஓவிய வகுப்பு என்றால் கரும்பலகையைப் பார்த்து வரைவதுதான். கலைக் கல்வியில் எதைச் சொல்லிக் கொடுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அதில் நமக்கு ஒரு நாற்காலி உண்டா? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்தில் லண்டன் சவுத் கென்சிங்டனில் வகுத்த வரைபடப் பாடமுறை, ஆங்கிலேயர் ஆண்ட ஊர்களுக்கெல்லாம் போனது. நேர்கோடு, வளைகோடு, கனவடிவம், நிழல். ஓவிய ஆசிரியர் ஆக லோயர், ஹையர் பரீட்சை எழுதியவர்களுக்கு ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்ற பேப்பர்கள் நினைவிருக்கும். அந்தப் பெயர்களின் பூர்வீகம் அங்கேதான். அதில் கற்க எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கை பழக நல்ல பயிற்சி. ஆனால் எதை வரைவது, எதற்காக வரைவது என்ற கேள்விகளுக்குப் பதில் எங்கேயோ எழுதப்பட்டு, பார்சலாக வந்து இறங்கியது.

[திரை: உலக வரைபடம். பிரிஸ்டல், பாரிஸ்]

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு வேறொரு பேச்சு கிளம்பியது. பிள்ளைகள் சேர்ந்து படம் வரைந்து, ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து வளர்ந்தால் நாடுகளுக்கிடையே பகை குறையும் என்று சிலர் நம்பினார்கள். இங்கிலாந்தின் கலை விமர்சகர் ஹெர்பர்ட் ரீட் அவர்களில் முக்கியமானவர். 1951-இல் பிரிஸ்டல் நகரில் யுனெஸ்கோ ஒரு கருத்தரங்கு நடத்தியது. பொதுக் கல்வியில் ஓவியம், சிற்பம் போன்ற காட்சிக் கலைகளை எப்படிக் கற்பிப்பது என்பது தலைப்பு. அங்கே கூடியவர்களின் முயற்சியால் 1954-இல் பாரிஸில் ஒரு சங்கம் உருவானது. கலை வழிக் கல்விக்கான சர்வதேசச் சங்கம், சுருக்கமாக இன்சியா (InSEA) என்பார்கள். முதல் தலைவர் அமெரிக்காவின் எட்வின் சீக்ஃபெல்ட்.

இதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும் பேராசிரியர்களும். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு உலகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைமை என்றால் மாலை மரியாதை என்று நினைக்க வேண்டாம். கட்டுரைகளைத் திருத்துவது, மாநாட்டுக்கு இடம் பிடிப்பது, நேர வித்தியாசத்தைச் சமாளித்து நள்ளிரவில் ஜூமில் உட்காருவது, எல்லாம் அதில் அடக்கம். மாநாடுகள் 2011-இல் புடாபெஸ்ட், 2014-இல் மெல்பர்ன், 2017-இல் தென்கொரியாவின் டேகு, 2019-இல் வான்கூவர் என்று நடந்திருக்கின்றன. டெல்டாவில் ஓர் ஓவிய ஆசிரியருக்கு இதில் எந்த ஊருக்குப் போக டிக்கெட் காசு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குக்கு ஒரு தகவலும் தருகிறேன். 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. பிறகு சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது; பணி நிரந்தரம் கேட்டுப் போராட்டமும் தொடர்ந்தது.

[திரை: மே மாத நாள்காட்டி, வெறிச்சோடிய பள்ளி வளாகம்]

யுனெஸ்கோ தன் பங்குக்கு 2006-இல் லிஸ்பனிலும் 2010-இல் சியோலிலும் கலைக் கல்விக்கென உலக மாநாடுகள் நடத்தியது. கலைக் கல்வி எல்லாருக்கும் கிடைக்க வேண்டும், தரமாக இருக்க வேண்டும், சமூகச் சிக்கல்களுக்குப் பயன்பட வேண்டும் என்று சியோலில் மூன்று இலக்குகள் வைத்தார்கள். 2024 பிப்ரவரியில் அபுதாபியில் கூடி, பண்பாட்டையும் கலைக் கல்வியையும் சேர்த்தே பார்க்கும் ஒரு புதிய வழிகாட்டிச் சட்டகத்தை ஏற்றார்கள். நடுவில் 2011-இல் ஒரு முடிவு: ஒவ்வொரு ஆண்டும் மே நான்காம் வாரம் சர்வதேசக் கலைக் கல்வி வாரம்.

மே நான்காம் வாரம்! நம் ஊரில் அக்னி நட்சத்திரம் இன்னும் முடிந்திருக்காது. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். யாரும் கெட்ட எண்ணத்தில் அந்தத் தேதியை வைக்கவில்லை. ஆனாலும் நம்மூர் வாத்தியார் ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் கையைத் தூக்கியிருப்பார். தலைமையில் பங்கு இல்லாதபோது இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் அது தெரிகிறது.

[திரை: தஞ்சாவூர், சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயம்]

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1798-இல் தஞ்சாவூரில் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் இறந்தார். அவரிடம் படித்து வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர், லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் செய்யச் சொன்னார். மரணப் படுக்கையில் குரு, பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி. இன்றும் அந்தத் தேவாலயத்தில் இருக்கிறது. என்ன காட்சி வேண்டும் என்று கேட்டது தஞ்சாவூர், செதுக்கியது லண்டன். ராஜாவிடம் பணம் இருந்தது, உண்மைதான். தனக்கு என்ன வேண்டும் என்ற தெளிவும் இருந்தது.

நம் வகுப்பறைக்கு அந்தத் தெளிவு எங்கிருந்து வரும்? எனக்குப் பிடித்த ஒரு வழியைக் காட்டியவர் பிரேசில்காரர். அனா மாயி பார்போசா, பிரேசிலின் பெயர்பெற்ற கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயிடம் படித்தவர், 1990-களின் தொடக்கத்தில் இன்சியாவின் தலைவராக இருந்தவர். அவருடைய முறைக்கு மூன்று பக்கங்கள்: செய்வது, பார்ப்பது, அது பிறந்த சூழலை அறிவது. மூன்றும் ஒன்றாக நடக்க வேண்டும். பிரேசிலில் பிறந்த யோசனை, ஆனால் இதை நடத்திக் காட்ட டெல்டாவைப் போல் வாகான இடம் அரிது என்பேன்.

[திரை: தேன்மெழுகில் உருவாகும் சிறு பொம்மை]

செய்வதை எடுத்துக்கொள்வோம். சுவாமிமலை ஸ்தபதிகள், அதாவது சிலை வார்ப்பவர்கள், தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். தென்னை ஓலையை மடித்து, அதையே அளவுகோலாக வைத்து முகம், மார்பு, கால் என்று பிரிக்கிறார்கள். மேலே முதல் பூச்சு காவிரியின் வண்டல் மண். அவ்வளவு நைசான மண் என்பதால் மெழுகில் உள்ள நகக்குறிகூட அதில் பதியும். காய்ந்ததும் சூடாக்கினால் மெழுகு வழிந்து ஓடிவிடும். அந்த இடத்தில் உலோகம் இறங்கும். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும், அதனால் ஓர் அச்சுக்கு ஒரே சிலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உலோகம் வேண்டாம். மெழுகும் மண்ணும் ஓலையும் போதும்.

[திரை: தஞ்சை அரண்மனைக் கலைக்கூடம், திருவெண்காட்டு ரிஷபவாகனர்]

அப்புறம் பார்ப்பது. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் நிற்கிறார். 1011-ஆம் ஆண்டளவில் வார்த்தது. பாம்புகளைச் சுருட்டித் தலைப்பாகையாகக் கட்டியதுபோல் ஒரு தலைக்கோலம், ஒரு காலை மாற்றிப் போட்டு ஒயிலாக ஒரு நிலை. வலது கை எதன் மேலோ சாய்ந்திருக்கிறது. எதன் மேல்? பிள்ளைகளிடம் பதில் சொல்லாமல் கேளுங்கள். காளை அங்கே இல்லை. இல்லாத காளையின் உயரத்தை அந்தக் கையை வைத்தே வரையச் சொன்னால் ஒரு பீரியட் போதாது.

சூழல் என்ற மூன்றாம் பக்கம் கொஞ்சம் கசக்கும். கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து ஒரு நடராஜர் திருடு போனார். 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014-இல் திரும்பி வந்தார். சிலை அந்தக் கோயிலுடையதுதான் என்று நிறுவ உதவியவை புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள். கோயில் கோயிலாகப் போய் எடுத்து, பெயர் எழுதி, பத்திரப்படுத்தி வைத்த படங்கள் அவை. நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு என்று மேடையில் பேசுவதைவிட இந்த வேலை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

[திரை: இரண்டு வகுப்பறைகள், வீடியோ அழைப்பு]

இப்போது நடைமுறை. வெளிநாட்டுப் பள்ளியோடு சேர்ந்து ஏதாவது செய்ய வாய்ப்பு வந்தால், முதல் மெயிலிலேயே மூன்று விஷயங்களைப் பேசிவிடுங்கள். பாடத்திட்டத்தை யார் எழுதுகிறார்கள்? இரண்டு தரப்பும் சேர்ந்து எழுதினால் இரண்டு பெயரும் வரட்டும். ஸ்தபதி வகுப்புக்கு வந்தால் அவர் பெயர் ஆசிரியர் என்ற இடத்தில் இருக்கட்டும், அவருக்குச் சம்பளமும் இருக்கட்டும். கைவினைஞர் ஒருவர் என்று மொட்டையாகப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. பிள்ளைகள் தமிழிலேயே பேசட்டும், மொழிபெயர்க்கும் வேலையை இரு தரப்பும் பாதி பாதி சுமக்கட்டும். கலைக் கல்வி வாரத்தை ஜூலையில் கொண்டாடினாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அவர்களிடம் நீங்களும் கேளுங்கள். உங்கள் ஊர் ஆற்று மண் எப்படி, அதில் யார் என்ன செய்கிறார்கள், உங்கள் பிள்ளைகள் எந்த மலையை வரைகிறார்கள் என்று.

உங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இருக்கிறாரா, வாரத்தில் எந்த நாள் வருகிறார்? மாவட்டத்தின் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். ஆசிரியர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், உங்கள் வகுப்பில் பிள்ளைகள் கடைசியாக என்ன வரைந்தார்கள் என்பதையும் சேர்த்து.