சீனி தனியாக வரட்டும்

(ஸ்ரீவில்லிபுத்தூரில், நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் பங்கு நேரத்தில் பத்து நிமிடத்தையும் சேர்த்தே பேசிவிட்ட மருத்துவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வர்த்தகர் சங்கப் பொருளாளர் அவர்களே, நாற்காலிகளையெல்லாம் நமக்குப் போட்டுவிட்டுத் தாங்கள் நின்றுகொண்டிருக்கும் நூலக ஊழியர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன ஆண்டு ஒருவரை விட்டுவிட்டேன்; பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை அவர்.

உடல் எடையைக் குறைக்கத் தொடங்குகிறவர்கள் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்குத் தந்த தலைப்பு. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இந்தத் தலைப்பைக் கொடுத்த செயலாளரின் துணிச்சலை மெச்சுகிறேன். காரணங்கள் மூன்று: உடம்பு, நாக்கு, ஊர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உடம்பு. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடம் தராது என்று படையில் சேர மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாகவே முன்வந்தார்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,600 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. இன்றைக்கு நம் கையில் கொடுக்கிற டயட் சீட்டுகளில் 1,500 என்றே எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். அந்த இளைஞர்களின் எடையில் கால்வாசி கரைந்தது. அதோடு போயிற்றா? தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். பேச்செல்லாம் சாப்பாடு. சோதனை முடிந்து வயிறு முட்டத் தின்ற பிறகும் பசி அடங்கவில்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அரசாங்கத்தையே எதிர்த்து நின்றவர்கள் ஐயா அவர்கள்! அவர்களைப் பார்த்து "மனவுறுதி இல்லை" என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைப்புப் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். 13 பேருக்கு எடை மறுபடி ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி, அவர்கள் உடல் அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. வருமானம் குறைந்த வீட்டில் அம்மா விளக்கை அணைத்து வைக்கிற மாதிரி, உடம்பு செலவைச் சுருக்கிக்கொள்கிறது. நாம் டயட் என்று நினைப்பதை அது பஞ்சம் என்று நினைக்கிறது.

நாக்கைப் பற்றி மருத்துவர் சொல்லிவிட்டார். ஊருக்கு வருகிறேன்.

என் பாட்டி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வாள்: ஊர் ஓடினால் ஒத்து ஓடு, ஒருவன் ஓடினால் கேட்டு ஓடு. டயட் இருக்கிறவன் தனியாக ஓடுகிற ஒருவன். ஊர் என்ன செய்யும்? கேட்கும். கேட்டுக்கொண்டே இருக்கும்.

என் மைத்துனரின் கதையைச் சொல்கிறேன். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், அனுமதி வாங்கிவிட்டேன். 94 கிலோ இருந்தார். எடை பார்க்கும் கருவி வாங்கினார், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அட்டவணை ஒட்டினார், 19 நாளில் நான்கு கிலோ குறைத்தார். முதலில் போவது பெரும்பாலும் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை; வீட்டில் சண்டை எதற்கு? இருபதாம் நாள் விருதுநகரில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து, "சோறு வேண்டாம், காய் மட்டும் வையுங்கள்" என்றார். பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் போய்ப் பெண்ணின் தகப்பனாரை அழைத்து வந்தார். "மாப்பிள்ளை, நாங்கள் என்ன குறை வைத்தோம்?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே பெண்ணின் தாயார், கண் கலங்கி. எதிர் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா உரக்கக் கேட்டார்: "சர்க்கரையா?" இவர் இல்லை என்று தலையாட்டினார். "அப்படியென்றால் அதைவிடப் பெரிதா?"

அவ்வளவுதான். இலை எடுப்பதற்குள் மண்டபம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அடுத்த வாரம் முழுவதும் உறவுக்காரர்கள் உடம்பு விசாரிக்க வந்தார்கள். வெறுங்கையோடு வருவார்களா? ஆரஞ்சுப் பழம், பிஸ்கட், சத்துமாவு. நம் ஊர்க்காரர் ஒருவர் அரைக் கிலோ பால்கோவா, அதுவும் சூடு ஆறாமல். "உடம்பு தேறட்டும்" என்று எதிரிலேயே உட்கார்ந்து ஸ்பூனையும் கையில் கொடுத்தார். மைத்துனருக்கு இப்போது 97 கிலோ. சிரிக்காதீர்கள், அவரும் சிரிக்கிறார்.

நம் ஆண்டாள் நாச்சியார் பாடிய நோன்பைப் பாருங்கள். பாலும் நெய்யும் உண்ணமாட்டோம் என்று திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்திலேயே சொல்லிவிடுகிறார்கள் அந்தப் பெண்கள். ஆனால் யாரும் தனியாக இருக்கவில்லை. தூங்குகிறவளை வாசலில் நின்று எழுப்பி, எல்லோரும் சேர்ந்து போகிறார்கள். இருபத்தேழாம் பாசுரத்தில் நெய் முழங்கை வழியாக வழிகிறதே என்று கேட்கலாம். அதையும் கூடியிருந்தே சாப்பிடுகிறார்கள். பாட்டி சொன்ன ஒத்து ஓடுதல் அதுதான்.

ஆகையால்தான் நான் இரண்டு ஆண்டுகளாக ஒரே கோரிக்கையோடு அலைகிறேன். இந்த ஊர் டீக்கடைகளில் சீனி தனியாக வர வேண்டும். டம்ளரில் டீ, பக்கத்தில் கிண்ணத்தில் சீனி. வேண்டியவர் வேண்டியதைப் போட்டுக்கொள்ளட்டும். டீக்கு இரண்டு ஸ்பூன், நாளுக்கு நான்கு டீ என்றால் ஏறக்குறைய 35 கிராம் சீனி. உலகச் சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது. இன்று "சீனி குறைவாக" என்று கேட்கிறவர் கடைக்கு ஒருவர். மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார். எல்லா டம்ளரும் சீனி இல்லாமல் வந்தால் யாரும் யாரையும் பார்க்கமாட்டார்கள். இதற்குச் சட்டம் வேண்டாம். நகர்மன்றத் தலைவர் கடைக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தலையசைத்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நன்றி, தலைவர் அவர்களே.

மணி அடித்துவிட்டார்கள். இந்தக் கோரிக்கைக்கான கையெழுத்துத் தாள் வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்; போன கூட்டத்தில் இரண்டு காணாமற்போயின. இப்போது வரப்போகிற டீயில் சீனி போடவில்லை. செயலாளரோடு நான்கு நாள் வாதாடி வாங்கிய சலுகை அது. சீனி தட்டின் ஓரத்தில், மூடிய கிண்ணத்தில். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வணக்கம்.